பத்து நிமிடம் வெளியே

தலையணைக்கு அடியிலிருந்து யோகமலர் போனை இழுத்து எடுத்தபோது நித்தியானந்தன் கண்ணைத் திறந்தார்.

"அதைத் தாரும்."

"தரமாட்டன். நேற்றிலயிருந்து ஒரு வாய் தண்ணி இறங்கேல்ல. இப்ப ஆரோட கதைக்கப் போறியள்?"

"பத்து மணிக்கு மீட்டிங்."

"இனிச் சுகம் வராது எண்டு ஹொஸ்பிசில கொண்டுவந்து விட்ட மனுசனுக்கு மீட்டிங்."

அவர் கையை மட்டும் நீட்டியபடி வைத்திருந்தார். எலும்பும் தோலுமான அந்தக் கை தாழத் தொடங்கியதும் அவள் போனைக் கொடுத்துவிட்டாள்.

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில்தான். பதினொரு நாடுகளில் உடுப்புக்கடை வைத்திருக்கும் நிறுவனத்தின் பெரிய களஞ்சியம் ஒன்று டென்மார்க்கில், இஷொயில் இருந்தது. அவர் அங்கே தொழிலாளர் பிரதிநிதி. அவள் பொதி கட்டும் பகுதியில் பத்தொன்பது வருடம். நான்கு வருடங்களுக்கு முன், எல்லா நாட்டுத் தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் முதலாளிமாரோடு இருந்து பேசும் மன்றத்துக்கு டென்மார்க் சார்பில் அவரைத் தெரிவு செய்தார்கள். அன்றோடு வீட்டில் பாதிப் பேச்சு நின்றுபோனது. அவள் தேத்தண்ணியோடு போனால் மடிக்கணினியை மூடிவிடுவார்.

"நான் என்ன சிஐடியே?"

"சொல்லக் கூடாது எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறன், மலர்."

அது போதாதென்று இந்த வருடம் புதிதாக ஒரு கரைச்சல். பக்கத்து ஊர் ஹ்விடோவ்ரேயில் முதியோர் இல்ல வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், போடும், போடும் என்று உயிரை எடுத்தார். விண்ணப்பத்தைத் தானே நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினார்.

"எனக்கு இஞ்ச என்ன குறை? என்னோட பொதி கட்டுற பெட்டையளை விட்டிட்டு நான் ஏன் போக வேணும்?"

"போனா நல்லம்."

"ஏன் நல்லம்?"

அந்தக் கேள்வி வந்தால் மனுசன் சுவரைப் பார்ப்பார். அவள் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டாள். இரண்டு நாள் புட்டை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் படுக்கப் போனாள். அதற்கு மூன்றாம் மாதம் அவருக்கு ஈரலில் கட்டி என்றார்கள்.

பத்து மணிக்குக் கிளோறியா மடிக்கணினியோடு வந்தாள். மன்னார்ப் பிள்ளை, அதே நிறுவனத்தின் கடையில் காசாளர், மன்றத்தில் அவருக்குப் பதிலாள்.

"மலர், கொஞ்சம் வெளியில நில்லும். பத்து நிமிசம்."

"நான் உங்கட மனுசி."

"அதுக்குத்தான் சொல்லுறன்."

யோகமலரின் கதிரையில் கிளோறியா கூச்சத்தோடு உட்கார்ந்தாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் மகள் அபிதா நின்றாள். அதுதான் சட்டம் அம்மா, அப்பா என்ன செய்வார் என்று டெனிஷில் சொன்னாள்.

"சட்டம். உன்ர கொப்பர் சாகேக்கையும் மீட்டிங் வைச்சுத்தான் சாவார்."

பத்து நிமிடம் இருபதானது. கதவைத் தட்டவென்று அவள் எழும்பியபோது கதவு தானே திறந்தது. கிளோறியாவின் கழுத்தில் ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா... எல்லாம் வடிவாச் சொல்லி முடிச்சவர். நான் கொம்பியூட்டரை மூடிப்போட்டுத் திரும்பினன்..."

யோகமலர் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவருடைய வாய் சற்றே திறந்திருந்தது. அவள் தாடையைப் பிடித்து மெல்ல மூடினாள்.

"ஒரு பத்து நிமிசம் உள்ளுக்கை விடேல்ல நீங்கள்," என்றாள்.

தாதி வந்து, தங்கள் வழக்கப்படி, ஆன்மா வெளியேற யன்னலைத் திறந்துவிட்டுப் போனாள்.

ஒரு மணிக்கு யோகமலரின் போனுக்குச் செய்தி வந்தது. அனுதாபமாக்கும் என்று திறந்தாள். நிறுவனம் அனுப்பியிருந்தது. இஷொய் களஞ்சியம் வருகிற ஆனியோடு மூடப்படுகிறது.

இரண்டு தரம் வாசித்தாள். கிளோறியா இன்னும் நடைவழியில்தான் இருந்தாள், வீட்டுக்குப் போகத் தெரியாதவள்போல.

"எப்பயிலயிருந்து தெரியும்?"

"மாசியிலயிருந்து, அக்கா. வெளியில விட்டால் முதலாளிமார் எங்களோட கதைக்கிறதையே நிப்பாட்டிப் போடுவினம். அண்ணை இண்டைக்கும் அதுக்குத்தான் நிண்டவர். கிறிஸ்மசுக்கு முன்னம் ஒருத்தரையும் வேலையால நிப்பாட்டக் கூடாது, வேற வேலை படிக்க எல்லாருக்கும் ஆறு மாசம். கடைசியில ஓமெண்டிட்டினம்."

"முதியோர் இல்லம்..."

"அதைக்கூடச் சொல்லக் கூடாது, உங்களுக்கு விசயம் விளங்கிப்போடும் எண்டு நான் அவரோட சண்டை பிடிச்சனான்."

"விசர் மனுசன்," என்றாள் யோகமலர். போனை அணைத்துவிட்டு, "சரியான விசர் மனுசன்."

அப்போதுதான் பெட்டைகளின் நினைவு வந்தது. அவர்களுக்கும் இதே செய்தி வந்திருக்கும். எட்டு மாதமாக அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள், எல்லாம் தெரிந்துகொண்டே சிரித்தாள் என்றுதானே நினைப்பார்கள்? இனி யார் அவளோடு கதைப்பார்கள்?

வேலை முடிந்த கையோடு மூன்று மணிக்கு ஐந்து பேரும் வந்தார்கள், மஞ்சள் மேலங்கியோடு. கிருசாந்திதான் முதலில் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு விலகி நின்றாள். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"அக்கா, இண்டைக்குக் கேக்கக் கூடாது. அண்ணைக்குத் தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு?"

"தெரியாது," என்றாள் யோகமலர். "என்னை வெளியில நிக்கச் சொல்லிப்போட்டார்."

கிருசாந்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அறை வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். மற்ற நால்வரும் குனிந்தார்கள்.

மெழுகுதிரித் தட்டோடு வந்த தாதி அறை வாசலில் நின்றாள். இரும்புமூக்குச் சப்பாத்துகள் ஐந்து சோடி, வழியை அடைத்துக்கொண்டு கிடந்தன. அவள் ஒன்றையும் காலால் தள்ளவில்லை. சுவரோரமாக ஒதுங்கி, பார்த்துப் பார்த்துக் கால் வைத்து உள்ளே போனாள்.