சாத்தன்கடவில் ஆறு அகன்றது

பழைய சாத்தன்கடவுப் பாலத்தை இடித்துத் தள்ளிய மூன்றாம் நாள் கிள்ளியாறு நாலு மீட்டர் அகலம் கூடியிருந்தது. தண்ணீர் மட்டும் ஒரு சொட்டும் கூடவில்லை. கரையில் நின்ற தென்னைகள் கரையிலேயே நின்றன. துணி துவைக்கிற படிக்கட்டு இருந்த இடத்தில் இருந்தது, யார் வீட்டு மதிலும் ஒரு செங்கல்லைக்கூட இழக்கவில்லை. அக்கரை சற்றுத் தள்ளிப் போயிருந்தது, அவ்வளவுதான். இதை முதலில் கண்டது வேலையை மேற்பார்க்க வந்த உதவிப் பொறியாளர் ஸ்வப்னா. புதுப் பாலம் முடியும்வரை ஜனங்கள் நடந்து போக ஒரு தற்காலிக இரும்பு நடைபாலம் போடுவதாக ஏற்பாடு. லாரியில் வந்த உத்தரத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தால் நாலு மீட்டர் போதவில்லை. அளவெடுத்தவனைத் திட்டிவிட்டு நீளமானதைக் கொண்டுவரச் சொன்னார். அது வந்து சேர்ந்தபோது ஒன்பது மீட்டர் போதவில்லை. அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மணல்மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

இதில் ஊர்க்காரர்களின் பங்கும் உண்டு. பழையது பழையபடி நிற்க, புதியதைப் பக்கத்தில் கட்டுவதுதான் முதல் திட்டம். அப்படிச் செய்தால் ஆரியசாலைப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கடைகளின் முகப்பும் ஒரு பிள்ளையார் கோயிலின் பாதியும் போகும் என்று தெரிந்ததும் குடியிருப்போர் சங்கம் கொதித்து எழுந்தது. வற்றல் வியாபாரியும் பெருங்காயம் வியாபாரியும் சேர்ந்து கறுப்புக்கொடி பிடித்தார்கள். பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதைக் கட்டுங்கள் என்று மனு கொடுத்து, ஜெயித்து, லட்டு கொடுத்தார்கள். அந்தப் பாலம் ஆட்களைச் சுமந்த நூற்றுச்சொச்சம் வருஷமும் இரண்டு கரைகளையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டும் நின்றது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. பாலத்துக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. இடிக்கும்போது அது எந்தச் சத்தமும் போடவில்லை என்று பொக்லைன் ஓட்டியவன் சொன்னான்.

காயம் வியாபாரி திரவியத்தின் மனைவி நாகலக்ஷ்மிக்கு ஆறு அகன்றதில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கவலை இருந்தது. அவளுடைய ஒரே மகள் அஸ்வதி அக்கரையில்தான், கிரீஷுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். இந்த மொட்டை மாடியில் நின்றால் அந்த மொட்டை மாடியில் மகள் துணி காயப்போடுவது தெரியும். என்ன நிறச் சேலை என்பதுகூடத் தெரியும். கல்யாணம் பேசும்போதே, பெண் கண்பார்வையில் இருப்பாள் என்றுதான் நாகலக்ஷ்மி சம்மதித்தாள். இப்போது அஸ்வதிக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதச் சடங்கு முடிந்ததும் தாய் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டியது முறை. ஆனால் ஏழாம் மாதம் மார்கழியில் விழுந்தது.

பாலத்தைத் தையில் இடிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் பிள்ளையைக் கூட்டிவந்துவிடுவோம் என்று திரவியம் சொல்லத்தான் செய்தார். நாகலக்ஷ்மி கேட்கவில்லை.

"மார்கழியில பொண்ணை எறக்கிக் கூட்டிட்டு வாறதா? நல்லா இருக்கு கேட்டேளா."

தை பிறந்தது, கூடவே எட்டாம் மாதமும் பிறந்தது. எட்டில் கர்ப்பிணியை வீடு மாற்றுகிற வழக்கம் அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. இனி ஒன்பதில்தான் என்று அவளே முடிவுகட்டினாள். அஸ்வதி போனில் கெஞ்சினாள். "அம்மா, அப்போ நீ இஞ்ச வந்து நில்லேன். மாடியில ரூம் சும்மாதானே கெடக்கு?"

"சம்பந்தி வீட்டுல போயி நான் பாய் விரிச்சுப் படுக்கணுமா மக்களே? நாலு பேரு என்ன சொல்லுவா? ஒம்பது பொறந்த அன்னைக்கே வாறேன். கண்ணெதிரதானே இருக்கே."

கண்ணெதிரே இருந்தவள் தை மாதம் பாதி போவதற்குள் சின்னதாகிவிட்டாள். முதலில் முகம் மங்கியது, பிறகு சேலையின் நிறம் போயிற்று, அப்புறம் மாடியில் அசைவது மகளா கொடியில் தொங்கும் துணியா என்று தெரியவில்லை. சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் தினமும் காலையில் ஆற்றின் அகலத்தைப் போட்டார்கள். அதற்குக் கீழே கைகூப்பும் படங்களும் கட்டை விரல்களும் வரிசையாக வந்தன. சிலர் அமாவாசை என்றார்கள், சிலர் மணல் அள்ளியதன் பலன் என்றார்கள். மீன் விலை ஏறியதைப் பேசுகிற குரலிலேயே இதையும் பேசினார்கள். நாகலக்ஷ்மி மட்டும் சோறு இறங்காமல் மாடிக்கும் கீழுக்குமாக நடந்தாள். தன் வாயால் சொன்ன ஒரு வார்த்தையால் பிள்ளையைத் தூரமாக்கிவிட்டோம் என்ற பயம் அவளை விடவில்லை.

மாசி பிறந்த அன்று திரவியம் ஷிஜுவின் ஆட்டோவில், கீழே இருக்கிற வேறொரு பாலத்தைச் சுற்றிக்கொண்டு மகளைக் கூட்டிவரக் கிளம்பினார். வழக்கமாகக் கால் மணி நேர ஓட்டம். அடுத்த வாரம்தான் திரும்பினார்கள், தாடியோடு. ஆட்டோவின் டயர்கள் மூன்றும் வழுக்கையாகி இருந்தன. பாலத்தைத் தாண்டிவிட்டார்களாம், அக்கரையும் வந்துவிட்டதாம், ஆனால் அஸ்வதியின் தெரு மட்டும் வரவேயில்லையாம். "வழி நீண்டுக்கிட்டே போகுது அம்மே," என்றான் ஷிஜு. பெட்ரோல் பங்க், பேக்கரி, பங்க், பேக்கரி என்று தீராமல் வந்துகொண்டே இருந்ததாகவும், கடைசிப் பேக்கரியில் கேட்டதற்கு, சாத்தன்கடவு என்ற பெயரைத் தன் தாத்தா சொல்லித்தான் கேட்டிருப்பதாகக் கடைக்காரன் சொன்னதாகவும் விவரித்தான்.

போனும் மெல்லக் கைவிட்டது. ஹலோ என்றால் பால் பொங்குகிற நேரம் கழித்துப் பதில் ஹலோ வந்தது. பிறகு அரை நாள், பிறகு நாலைந்து நாள். கொழுக்கட்டை தின்றேன் என்று மகள் சொன்னால் அது போன வாரத்துக் கொழுக்கட்டை. பங்குனியில் ஒருநாள், திரவியம் கடைக்குப் போன பிறகு, ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. "அம்மா, இடுப்பு வலிக்கி. வலி வந்திருச்சுன்னு தோணுது. கிரீஷ் கார் எடுக்கப் போயிருக்கார். அம்மா?" அத்தோடு முடிந்தது. அது என்றைக்கு அனுப்பியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. வழியில் எங்கோ வந்துகொண்டிருக்கும் என்று போன் கடைக்காரர் ஆறுதல் சொன்னார். நாகலக்ஷ்மி அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். கடைசி 'அம்மா'வில் இருந்த பயம் அவளுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. பிள்ளை பிழைத்தாளா, பெற்றாளா, இரண்டும் இல்லையா என்று தெரியாமல் ஒரு தாய் எப்படி அரிசி களைவது? களையத்தான் செய்தாள், பாதியில் நின்று அழுதுவிட்டுக் களைந்தாள்.

பாலவேலை நிற்கவில்லை. ஆறு அகல அகலத் தூண்களைக் கூட்டிக்கொண்டே போவது, அக்கரையிலும் அதேபோல் வேலை நடக்கும் என்று நம்புவது, எங்காவது நடுவில் சந்திப்பது என்று மேலே முடிவாகிவிட்டது. ஸ்வப்னாவுக்கு இரண்டு முறை மாறுதல் வந்தது. இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். முதல் வருஷத்திலேயே நாகலக்ஷ்மி ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு பாலத்தின் முனைக்குக் குடிபோனாள். ஒடிசாவிலிருந்து வந்த வேலையாட்களின் தார்ப்பாய்க் கொட்டகைக்குப் பக்கத்தில் அவளுக்கும் ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். முனை நகர நகரக் கொட்டகையும் நகர்ந்தது. திரவியம் கடை சாத்தியதும் காய்கறிப் பையோடு நடந்து வருவார். முதலில் ஐந்து நிமிஷ நடை, பிறகு அரை மணி, பிறகு பஸ் விட்டார்கள். பாலத்தில் டீக்கடை வந்தது, முடிதிருத்தும் கடை வந்தது, தம்பானூர் பஸ் நிலையத்திலிருந்து நேராக ஒரு வண்டி வந்தது. சங்கத்தார் சாயங்கால நடைக்கு வந்து, கைப்பிடிச் சுவரின் பெயின்ட் சரியில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போனார்கள். கீழே தண்ணீர் அதே பழைய கணுக்கால் அளவில்தான் ஓடியது, ஆனால் இறங்கி நடந்தவர்கள் எத்தனை நடந்தும் மறுபடி இதே கரையில்தான் ஏறினார்கள்.

ஆறு வருஷம் இப்படிப் போயிற்று. நாகலக்ஷ்மியின் தலை முழுக்க நரைத்தது. தினமும் விடிந்ததும் முனையில் நின்று எதிரே பார்ப்பாள், பார்த்துக்கொண்டே எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அக்கரை தெரியாதவரை பிள்ளை உயிரோடு இருந்தாள். தெரிந்துவிட்டால், மருமகன் கிரீஷ் தனியாக நின்றுவிட்டால், என்ன செய்வது? ஆகவே ஒருநாள் காலையில் எதிர்ப்பக்கத்தின் மூட்டத்துக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் கேட்டு, வேலையாட்கள் எல்லாம் ஹோவென்று கூவியபோது, அவள் உள்ளே போய்த் தார்ப்பாயை இழுத்து விட்டுக்கொண்டாள். அன்று முழுக்கக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் எதிர் முனை பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் ஆட்கள் நின்றார்கள். நாகலக்ஷ்மி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு திரவியத்தின் கையைப் பிடித்தாள்.

"இஞ்ச பாருங்க, யாராக்கும் நிக்கது? சொல்லுங்க."

"கிரீஷ் நிக்கான்," என்றார் திரவியம். அவள் நகம் அவர் கையில் பதிந்தது. "பக்கத்துல பிள்ளை நிக்கா. நம்ம பிள்ளைதான். ஏட்டி, வயிறு..."

நாகலக்ஷ்மி கண்ணைத் திறந்தாள். அஸ்வதி நிறைமாத வயிற்றோடு, இடுப்பில் ஒரு கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். காதோரம் இரண்டு நரைமுடி தவிர அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு முனைகளும் ஓர் எட்டு வைக்கிற தூரத்துக்கு நெருங்கியிருந்தன.

"எத்தனை வருஷம்மா!" என்று அங்கிருந்தே அஸ்வதி கத்தினாள். கோபமும் அழுகையும் கலந்து வந்தது. "அன்னைக்கு வலி வந்திச்சு. அம்மா வரட்டும், அதுவரை வேண்டாம்னு சொல்லிப் பிடிச்சு வெச்சேன். நின்னுபோச்சு. டாக்டர் எல்லாரும் பாத்தாச்சு, குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. இனி என்னால வய்யா அம்மா. பயமா இருக்கு."

நாகலக்ஷ்மி ஸ்வப்னாவைப் பார்த்தாள். ஸ்வப்னாவின் முகம் வெளுத்திருந்தது. நடுவில் பலகை போட்டு, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றினாலும் உறைவதற்கு நேரம் வேண்டும். அதுவரை ஆறு நிற்காது. "இப்பமே அகன்னு தொடங்கியாச்சு அம்மே," என்றார் அவர். சொல்லும்போதே ஓர் எட்டு என்பது ஒன்றரை எட்டாகி இருந்தது. வேலையாட்கள் ஒரு பலகையைத் தள்ளினார்கள். அது இரண்டு பக்கமும் படாமல் கீழே போய் விழுந்தது. பலகை தண்ணீரைத் தொடும் சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று.

மூட்டுவலிக்காரத் திரவியம் தாண்ட முடியாது, நிறைமாதக்காரி தாண்டக் கூடாது. நாகலக்ஷ்மி சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகினாள். அறுபது வயதில் ஒருதரம்கூட அவள் வாய்க்கால் தாண்டியதில்லை. திரவியம் அவள் முந்தானையைப் பிடித்திருந்தார். "விடுங்க," என்றாள். அவர் விடவில்லை. "பிள்ளை நிக்காள்லா, விடுங்க." விட்டார்.

அவள் குதித்தாள். ஒரு கால் அக்கரையில் பட்டது, மற்றது வெறும் காற்றில் தொங்கியது, கிரீஷும் இன்னொருத்தனும் தோளைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. எழுந்து மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தபோது அஸ்வதிக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் இருக்கவில்லை. அந்த முனையில் இருந்த தார்ப்பாய்க் கொட்டகையில், சிமென்ட் மூட்டைகளின் மேல் துணி விரித்து, நாகலக்ஷ்மியே பார்த்தாள். பெண் குழந்தை. எடை எல்லாக் குழந்தைகளையும் போலத்தான், அழுகையும் அப்படித்தான். தலைமுடி மட்டும் ஆறு வருஷத்துக்கு உண்டானது வளர்ந்து, பாதத்தையும் தாண்டித் தொங்கியது.

அவள் குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தபோது திரவியத்தின் முனை ஒரு தெருவின் நீளத்துக்குப் போய்விட்டிருந்தது. அவர் காய்கறிப் பையோடு நின்ற இடத்திலேயே நின்றார். அவரை இனி எந்த வருஷம் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டே முனையின் ஓரத்துக்குப் போனாள். குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். முடி காற்றில் பறந்தது. அவர் ஒரு கையைக் காதில் வைத்து ஏதோ கேட்டார். "பொம்பளைப் பிள்ளை!" என்று கத்தினாள். கேட்டதோ இல்லையோ, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் இரண்டு முனைகளிலும் கலவை இயந்திரங்கள் வழக்கம்போல் ஓடத் தொடங்கின. நாகலக்ஷ்மி வெந்நீர் வைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டி, முடியைத் துவட்டிச் சிக்கெடுத்து, இரட்டைப் பின்னலாகப் போட்டுவிட்டாள்.