ச்சூ

சிட்டுவை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்டபோது அவள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள், நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பி, பயிற்சிக்காரன் கையில் மாட்டியிருந்த தடித்த சாக்கு உறையைப் பல்லால் கவ்வியபடி, அவன் சுற்றச் சுற்ற இவளும் சுற்றி, செவலை உடம்பு காற்றில் ஒரு வளையம் போட, கண் மட்டும் அசையாமல், அந்தக் கண் கரிசல் காட்டில் முயல் போகும் திசையைத் தவிர வேறெதையும் பார்க்காத சிப்பிப்பாறை நாயின் கண், என் அப்பா பழக்கிய கண், என் கையில் ஊசித்தட்டு இருக்கிறது, இன்றைய சோதனையிலும் அவள் தோற்றால் உயிரை எடுக்கும் அந்த ஊசியை நான்தான் போட வேண்டும், ஏனென்றால் இந்த ராணுவ நாய் முகாமில் ஒப்பந்தத்துக்கு எடுத்த கால்நடை டாக்டர் நான், கர்னல் என் பக்கம் திரும்பாமலே என்ன சொன்னீர்கள் டாக்டர் என்கிறார், திருப்பிக் கொடுங்கள் என்றேன், இன்னும் சத்தமாக, கேட்கவே கூடாது என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தார்களே, அதைக் கேட்டுவிட்டேன், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

எங்கள் வீட்டில் குட்டி கொடுப்பது பெண் கொடுப்பது மாதிரி, வாங்க வருகிறவன் குட்டியின் தலைமேல் கை வைத்து, பட்டினி போடமாட்டேன், தெருவில் விடமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும், செய்துவிட்டால் அதோடு சரி, அப்புறம் அப்பா அந்த வீட்டுப் பக்கமே போகமாட்டார், ஒங்க குட்டி எலும்பும் தோலுமாக் கெடக்குய்யா என்று யாராவது வந்து சொன்னாலும், குடுத்தாச்சுல்ல, அவன் பாடு, வெள்ளத்துரை குடுத்ததத் திருப்பிக் கேட்டான்னு ஒரு பய சொல்லிறப்படாது என்பார், சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடமாட்டார், அதையும் நான் பார்த்திருக்கிறேன், ஆனால் பட்டினி கிடந்த நாய்க்கு அவர் பட்டினியால் என்ன லாபம், என் அக்கா சந்தனமாரிக்குக் கல்யாணம் ஆனபோது சிட்டுவின் தாயோடு பிறந்த ஒரு பொட்டையைச் சீரோடு சேர்த்து அனுப்பினார், மணப்பெண்ணுக்குப் பின்னால் நாயும் நடந்து போவது எங்கள் பக்கத்துப் பெருமை, மாப்பிள்ளை வீட்டார் கேட்டதெல்லாம் ஒன்றுதான், எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளையா இருந்தாப் போதும், நாங்க பழக்கிக்கிடுதோம், அத்தான் முதல்முறை கை ஓங்கிய அன்று அந்த நாய் பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கவ்வியது, அக்கா பதறிப்போய் விடு என்றாள், சொன்ன சொல் கேட்கிற ஜாதி, விட்டது, விட்ட பிறகுதான் அவர் உலக்கையை எடுத்தார், முதலில் நாய்க்கு, அப்புறம் அக்காவின் கைக்கு, ஒடிந்த கையோடு வந்தவளுக்கு அப்பா மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார், நாய்க் காலுக்குக் கட்டுவதைப் போலவே பதமாக, மறுநாள் பஸ்ஸிலும் அவர்தான் ஏற்றிவிட்டார், ஜன்னல் கம்பி வழியாக நான் அவள் நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன், போகாதக்கா, பஸ் உறுமுகிறது, அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள், விடுடி, எல்லா வீட்லயும் உள்ளதுதான், விடு, அவள் முகத்தில் நாயின் முகம், அல்லது அப்படி ஒரு கனவு எனக்குப் பல வருஷமாக வருகிறது, கனவில் நான் விடுவதில்லை, பஸ் என்னையும் இழுத்துக்கொண்டு போகிறது.

நாய் வாங்க ராணுவத்திலிருந்து வந்தபோது எங்கள் தெருவே கூடியது, முற்றத்தில் ஒரு தகரத்தட்டைத் தொப்பென்று போட்டுப் பார்த்தார்கள், காதருகே பட்டாசு வெடித்தார்கள், உதட்டைப் பிதுக்கிப் பல்லைப் பார்த்தார்கள், பந்தைப் புதருக்குள் எறிந்து எவ்வளவு நேரம் தேடுகிறாள் என்று பார்த்தார்கள், சிட்டு எதற்கும் அசையவில்லை, வெயில் தாங்கும், நோய் அண்டாது, சீமை நாய் இளைக்கிற இடத்தில் இது ஓடும் என்று மெச்சினார்கள், அப்புறம் தாய் தகப்பன் வழிக்குக் காகிதம் உண்டா என்று கேட்டார்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட்டவரே கிடையாது, கைநாட்டு வம்சத்தில் நாய் மட்டும் எப்படிக் காகிதத்தோடு பிறக்கும், ஜாதி நாய்ங்கய்யா, நான் வாயால சொல்றேன் என்றார் அப்பா, கடைசியாக அவர்கள் கேட்ட கேள்விதான் கேள்வி, வேட்டைக்குக் கிட்டைக்குப் பழக்கினீர்களா, பழக்கிய நாய் எங்களுக்கு வேண்டாம், முயலடிப்பது குற்றம், பிடித்தால் ஜெயில், அப்பா ஒரு விநாடி என்னைப் பார்த்தார், பழக்கலீங்கய்யா, பச்சப்புள்ள, ஒண்ணுந் தெரியாது, என்றார், அப்படித்தான் சிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளையாக ரயிலேறினாள், அவள் போன இடத்திலேயே டாக்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் நானும் எழுதிப் போட்டேன், நாயப் பாக்கப் போறியா, வேலைக்குப் போறியா என்றார் அப்பா, ரெண்டுக்கும்தான் என்றேன், போ, ஆனா அங்கன போயி அது நம்ம நாய்னு உரிமை கொண்டாடிக்கிட்டு நிக்காத, எதையும் திருப்பிக் கேட்டுறாத தாயி, மானம் போயிரும்.

இங்கே அவளுக்குப் பெயர் ரூபி, ஒரே தவணையில் வந்த எல்லா நாய்க்கும் ஒரே எழுத்தில் பெயர் வைக்கிறார்கள், என் வேலை ஆஸ்பத்திரியோடும் ஈற்றுக் கொட்டிலோடும் சரி, மைதானத்துப் பக்கம் வேலையில்லை, கொட்டிலில் பிறக்கும் குட்டிகளைக் கண் திறக்கும் முன்பே பழக்கத் தொடங்குகிறார்கள், உள்ளங்காலைப் பஞ்சுக்குச்சியால் நிமிண்டி, தலைகீழாகப் பிடித்து, ஈரத்துணியில் கிடத்தி, எது சிணுங்குகிறது எது சமாளிக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள், எனக்கு அப்பா ஞாபகம் வரும், ஈன்ற குட்டிகளை ஈரமணலில் பரப்பி வைத்து எது முதலில் தாயிடம் ஊர்ந்து வருகிறதோ அதுதான் குட்டி என்பார், சிட்டு மணலில் ஊர்ந்து வருகிறாள், நான் பாவாடையை விரித்து உட்கார்ந்திருக்கிறேன், தாயிடம் போகாமல் என் மடிக்கு வந்துவிட்டாள், அப்பா சிரிக்கிறார், இவ ஒன்னய மாரி, அடங்கமாட்டா, அதே சொல்லைத்தான் இங்கே இவர்களும் எழுதினார்கள், அடங்காதது, நாட்டு ஜாதிக்குப் புத்தி மட்டு, மோப்பம், ஓட்டம், பாய்ச்சல் எல்லாம் உண்டு, கவ்வினால் மட்டும் விடுவதில்லை, விடு என்று கத்தக் கத்த இன்னும் இறுக்குகிறது, கடிக்கப் பழகி அடங்காத நாயை வெளியே கொடுக்க முடியாது, ஆகவே ஊசி, இந்த முகாமின் வழக்கம் அது, கொட்டில் பொறுப்பாளர் ஹவில்தார் தங்கக்கனிதான் நேற்று எனக்குச் சொன்னார், தூத்துக்குடிக்காரர், மேடம், நீங்களே போடணும்னா கஷ்டமாத்தான் இருக்கும், கண்ண மூடிக்கிட்டுப் போட்ருங்க, கண்ணை மூடிக்கொண்டு நரம்பு எப்படித் தேடுவது ஹவில்தார் என்றேன், அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

இப்போது மைதானத்தில் பயிற்சிக்காரன் சுற்றுவதை நிறுத்திவிட்டு, உறையை அவள் வாயிலேயே விட்டுக் கையை உருவிக்கொண்டு, இந்திக்கார இளைஞன், நல்லவன்தான், விடு என்பதற்கு அவன் மொழிச் சொல்லைக் கத்துகிறான், ச்சோட், மலைக்காற்று கடைசி எழுத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறது, ச்சோ, ச்சோ, சிட்டு இன்னும் இறுக்குகிறாள், கழுத்து நரம்பு புடைக்கிறது, ச்சோ, என் காதில் அது ச்சோ இல்லை, கம்மங்கொல்லை ஓரம், பொழுது இன்னும் புலரவில்லை, அப்பா குனிந்து சிட்டுவின் காதில் உதடு குவித்து ஊதுகிறார், ச்சூ, அவள் வில்லிலிருந்து அம்பாகக் கிளம்பினாள், ச்சூ என்றால் பாய், ச்சூ என்றால் பிடி, ச்சூ என்றால் உயிரே போனாலும் பிடியைத் தளர்த்தாதே, ஐயோ, இத்தனை மாதமாக இவர்கள் அவளை விடச் சொல்லவேயில்லை, பிடி பிடி என்று கத்திக் கத்தி, பிடித்ததற்காக அடித்திருக்கிறார்கள், நான் ஊசித்தட்டோடு மைதானத்துக்குள் ஓடினேன், வாயை மூடுடா என்று அவனிடம் தமிழிலேயே கத்தினேன், அவள் கண்ணுக்கு நேராகக் குனிந்து மெதுவாகச் சொன்னேன், விடு.

தொப்பென்று உறை தரையில் விழுந்தது, அவள் உட்கார்ந்து என்னைப் பார்த்து வாலால் புழுதியைப் பெருக்கினாள், தங்கக்கனி அட சண்டாளா என்றார், யாரை என்று தெரியவில்லை, ஏன் ஹவில்தார், நீங்களும் தமிழாள்தானே, ஒங்களுக்குமா தோணல, நான் உப்பளத்துல வளந்தவன் மேடம், எங்கூர்ல முயலுக்கு எங்க போக, கர்னலுக்கு நான் ச்சூவையும் ச்சோட்டையும் விளக்கினேன், அவர் கவனமாகத்தான் கேட்டார், மோசமான மனிதர் இல்லை, கடைசியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார், சுவாரசியம்தான் டாக்டர், ஆனால் உங்கள் அப்பா பொய் சொல்லியிருக்கிறார், எங்களுக்கு வேண்டியது எழுதாத பலகை, இவளுக்குள் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது, அதை அழிக்க முடியாது, நாளை எல்லையில் யாரோ ஒருவன் ச்சோட் என்பான், இவள் குரல்வளையைப் பிடிப்பாள், அப்படியானால் என்னிடம் கொடுங்கள், அது முடியாது, அரசாங்கச் சொத்து, வழக்கத்தை உடைக்க முடியாது, எழுதாத பலகை, எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளை, நாங்க பழக்கிக்கிடுதோம், இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதுபோல இருந்தது, கர்னலின் மீசைக்குக் கீழே ஒரு கணம் அத்தானின் தடித்த உதடு, தங்கக்கனி என் தோளருகே வந்து ரகசியமாக, விடுங்க மேடம், நல்ல வேல, ஒரு நாய்க்காகவா, ஊர்ல போயி இன்னொரு குட்டி எடுத்துக்கிடலாம், விடுங்க.

விடு, இந்த ஒரு சொல்லைத்தான் எத்தனை பேர் என்மேல் பழக்கிப் பார்த்தார்கள், காலேஜில் நாய்க்காரன் மகள் வந்துட்டா, எலும்பு இருக்கா என்று சிரித்தபோது விடு, அக்காவுக்காகப் போலீசுக்குப் போவோம் என்றபோது விடு, படித்தவள் கோபப்பட்டால் திமிர், படிக்காதவள் கோபப்பட்டால் பேய், ஆகவே விடு, விட்ட நாய் என்ன ஆனது என்று எனக்குத் தெரியும், விட்ட கை என்ன ஆனது என்றும் தெரியும், நான் ஊசித்தட்டை மைதான ஓரத்தில் கிடந்த கர்னலின் மேஜைமேல், அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன், போடணும்னா நீங்களே போடுங்க சார், ஆனா நாய் இங்க இருக்காது, அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார், உங்கள் வேலை போய்விடும், வழக்கு வரும், புரிகிறதா, வரட்டும், அங்கேயும் வந்து இதையே சொல்வேன், உங்க மைதானத்துல யாரு யாரு பேச்சப் புரிஞ்சுக்கல்லன்னு சொல்வேன், அடங்காததுன்னு எழுதி வச்சிருக்கீங்கல்ல, அதுக்குக் கீழயே என் பேரையும் சேத்து எழுதிக்கோங்க, அவள் கழுத்து வாரை எடுத்து என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன், சிட்டு போகிற போக்கில் தரையில் கிடந்த சாக்கு உறையைக் கவ்விக்கொண்டாள், அவள் உழைத்துச் சம்பாதித்தது அது ஒன்றுதான், எடுத்துக்கொள்ளட்டும்.

நடக்கிறோம், கேட் கண்ணுக்குத் தெரிகிறது, தங்கக்கனி எங்களுக்கு முன்னால் அவசரமாக எங்கோ போகிறார், காவலாளைப் பேச்சில் இழுக்கப் போகிறாரா, தடுக்கப் போகிறாரா, எதுவானாலும் நான் திரும்பப் போவதில்லை, கேட்டுக்கு அப்பால் ரோடு, ரோடு முடிந்தால் ரயில், ரயில் முடிந்தால் கோவில்பட்டி, அங்கிருந்து அப்பா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நான் ஏறமாட்டேன், அத்தான் ஊர் பஸ்ஸில் ஏறுவேன், வாசலில் இவளோடு நிற்பேன், ஒரு தடவை கேட்டுப் பழகிவிட்ட வாய் இது, எங்க அக்காவத் திருப்பிக் குடுங்க, மானம் போனால் போகட்டும், அது இத்தனை நாள் எங்களுக்கு என்ன காவல் காத்தது, பின்னால் கர்னல் கத்துகிறார், என்னைப் பார்த்தா நாயைப் பார்த்தா தெரியவில்லை, வாரை விடு என்கிறார் போல, ச்சோட், ச்சோட், காற்று கடைசி எழுத்தைப் பிடுங்கிக்கொள்கிறது, சிட்டுவின் தாடை சாக்கில் இன்னும் ஆழமாக இறங்குகிறது, என் விரல்கள் வாரில் இறுகுகின்றன, பஸ் ஜன்னலில் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்ட அதே விரல்கள், அவள் கால்கள் நான்கும் தரையில் ஊன்றி இருக்கின்றன, என்னை அண்ணாந்து பார்க்கிறாள், நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.