ஏழு கன்னிமார் நிற்கும் கரை

இங்கிலாந்துக் கடற்கரைக்குச் சுற்றுலா போகிறோம் என்று சங்கரலிங்கம் சொன்னதும் ராஜபாளையத்தில் வாயைப் பிளக்காத ஆள் இல்லை. பேண்டேஜ் துணி நெய்யும் தறிப்பட்டறையே கதியென்று கிடந்த மனுஷன். முதலாளி என்று பெயர்தானே தவிர, பக்கத்திலிருக்கும் குற்றாலத்துக்குக்கூடக் குடும்பத்தைக் கூட்டிப்போனதில்லை. "யோகந்தான் அண்ணாச்சி" என்றார்கள். அவரும் சிரித்துவைத்தார். மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கடலில் குளிக்க இறங்கிய மகன் பாண்டி கரையேறவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு என்னதான் சொல்வார்கள், பாவம்.

உடல் கிடைக்கவில்லை. அதனால் அவர் மனைவி சண்முகத்தாய் காரியம் செய்ய விடவில்லை. "பிள்ளையைக் கண்ணால பாக்காம எப்படி எள்ளுந் தண்ணியும் இறைப்பீக?" என்று ஒரு தடவை கேட்டவள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. சங்கரலிங்கத்துக்கோ ஒரே ஆசைதான். கண்ணை மூடுவதற்குள் மகன் போன அந்தக் கடலிலேயே, தன் கையால் அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட வேண்டும். பெற்றவனுக்கு வரக் கூடாத ஆசை.

பாண்டியின் மனைவி ஹெப்சிபா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, இங்கிலாந்தில் நர்ஸ். கடலோரமாக வீடு பிடித்துத் தருகிறேன், ஒரு வாரம் வந்து இருங்கள் என்று ஆரம்பித்தவள் அவள்தான். சண்முகத்தாய் அந்தக் கடல் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். சங்கரலிங்கம் போனில் படத்தைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் குன்றுகள், மேலே பச்சைப் புல், காலடியில் கடல்.

"இந்த ஏழு குன்றுக்கும் அங்க என்ன பேரு வச்சிருக்காக தெரியுமா? ஏழு அக்கா தங்கச்சிக."

சண்முகத்தாய் போனை வாங்கிப் பார்த்தாள். "நம்ம கன்னிமாரா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

அதோடு வீடு கல்யாண வீடாகிவிட்டது. ஆற்றங்கரையில் கல் நட்டுக் கும்பிடும் ஏழு கன்னிமாருக்குச் செய்வதுபோலவே ஆளுக்கொரு ஜோடி வளையலும் மஞ்சள் கயிறும் வாங்கினாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய்ப் பால்கோவா வாங்கிவந்து பெட்டியில் வைத்தாள். அது பாண்டிக்கு.

"ஏழு பேரு காவல் நிக்கிற எடத்துல எம்புள்ள எங்கிட்டுப் போயிருவான்? கேட்டு வாங்கிட்டு வாரேன்."

சொன்ன பொய்யைச் சங்கரலிங்கம் எப்படித் திரும்ப வாங்குவது?

ஞாயிற்றுக்கிழமை ஹெப்சிபா அந்தக் கரையிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டாள். காற்று அவள் பேச்சைப் பாதியாக்கியது.

"செத்த ஓரமாப் போயிக் காட்டு தாயி. அவுக மொகத்தைப் பாக்கணும்."

"ஓரத்துக்குப் போகக் கூடாது அத்தை. சுண்ணாம்புல்லா, இடிஞ்சு விழுந்துக்கிட்டே இருக்கும். வாராவாரம் வந்து பாக்குறேன்ல, போன மழையிலகூட ஒரு பெரிய துண்டு கடலுக்குள்ள போயிருச்சு. கொஞ்சங் கொஞ்சமா அம்புட்டையும் கடல் எடுத்துருமாம்."

"அந்த ஏழு பேரையுமா?"

"ஆமா அத்தை."

சண்முகத்தாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடி பறக்க மருமகள் ஒற்றையாக நின்றுகொண்டிருந்தாள். வாராவாரம் அவள் அங்கே போய் நிற்கிறாள் என்பது மாமியாருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ அங்க நிக்காத தாயி. தள்ளி வா" என்றாள்.

போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். பால்கோவாவை எடுத்து வெளியே வைத்தாள். வளையல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள்.

"பாவம், அவளுகளே கடலோட போய்க்கிட்டு இருக்காளுக. எம்புள்ளைய எங்கிட்டுப் பிடிச்சு வைப்பாளுக?"

தலை நிமிராமல் கேட்டாள். "என்னங்க, பிளேன்ல எள்ளு கொண்டுபோக விடுவாகளா?"

"எள்ளு இங்கயே கிடைக்கும் அத்தை" என்றாள் ஹெப்சிபா, போனுக்குள்ளிருந்து.

மனைவி வாயிலிருந்து எள்ளு என்ற இந்த வார்த்தை வராதா என்றுதான் மூன்று வருஷமாகச் சங்கரலிங்கம் காத்துக் கிடந்தார். வந்ததும், வராமலே இருந்திருக்கக் கூடாதா என்று விம்மி அழுதார்.