அடுப்புக்கு அருகே ஒரு கதவு

அந்தச் சனிக்கிழமையும் நாங்கள் மெல்பேணின் புறநகரான டண்டினோங்கில் கரவன் விற்கும் முற்றத்தில்தான் நின்றோம். கோடை தொடங்கியது முதல் எங்கள் வார இறுதிகள் இப்படியே கழிந்தன. சக்கரம் பூட்டிய வீடுகள் வெயிலில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஏறி, கட்டிலை அழுத்திப் பார்த்து, அலமாரிகளைத் திறந்து மூடி, மறுபடி இறங்கி, என் முழங்கால்கள் ஓய்ந்துபோயின.

என் கணவர் சச்சிதானந்தன் அந்த வருடம் ஓய்வுபெற்றிருந்தார். மெல்பேணுக்கு வந்த நாளிலிருந்து ஒரே தொழிற்சாலையில், மோட்டார் உதிரிப்பாகங்களைச் சோதிக்கும் மேசையடியில் நின்றவர். வேலை முடிந்ததும் கரவன் ஒன்றை இழுத்துக்கொண்டு வடகோடியிலுள்ள டார்வின்வரை போவதென்பது அவருடைய நெடுநாள் தீர்மானம். வடக்கே மழை ஓய்ந்திருக்கும் மாதங்கள் சிலவே. வைகாசியில் புறப்படாவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அவருடைய வயதில் ஒரு வருடத்தை அலட்சியமாகத் தள்ளிவைக்க இயலாது.

பயணத்துக்கு நான் சம்மதித்திருந்தேன். எங்களுக்கிடையே தடையாக நின்றது ஒன்றுதான். கழிப்பறை உள்ளே இருக்கும் கரவனே வேண்டும் என்றார் அவர். அப்படிப்பட்டவற்றில் அது எப்போதும் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. தலைமுழுகாமல் வெள்ளிக்கிழமைகளில் குசினிக்குள் கால் வைக்காதவள் நான். சுவாமிக்குப் படைக்கும் சோற்றை அந்தக் கதவுக்கு எதிரே வைத்துச் சமைக்க என்னால் முடியாது. கரவன்கள் தரிக்கும் இடங்களிலெல்லாம் பொதுக் கழிப்பறை உண்டு, அதுவே போதும் என்று பல தடவை சொல்லியிருந்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் காரை எடுத்தார்.

விற்பனையாளருக்கு எங்கள் சிக்கல் விளங்கவில்லை. கழிப்பறை சிறிதாக இருப்பதுதான் எனக்குக் குறை என்று எண்ணி, அதைவிடப் பெரியதொன்றுக்கு அழைத்துப்போனார். அதில் கதவு அடுப்பை இன்னும் நெருங்கியிருந்தது. பெருமையோடு அதைத் திறந்து, தண்ணீரும் பாய்ச்சிக் காட்டினார். பிறகு தொலைபேசி அழைக்க, எங்களை உள்ளே விட்டுவிட்டுப் போனார்.

“இஞ்சேருங்கோ, இதுக்குள்ளை எப்பிடிச் சமைக்கிறது? கையை நீட்டினாக் கக்கூசுக் கதவு.”

“கதவு பூட்டித்தானே கிடக்கும்.”

“பூட்டினாப்போலை அது சாமியறை ஆகுமோ?”

வழக்கமாக இந்த இடத்தில் அவர் சிரித்துவிட்டு வெளியே இறங்குவார். அன்று இறங்கவில்லை. கட்டில் விளிம்பில் அமர்ந்து, சிறிய யன்னலூடாகப் பக்கத்துக் கரவனின் தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஈஸ்வரி, எனக்கு இரவிலை நாலைஞ்சு தரம் எழும்ப வேண்டிக் கிடக்கு. இருட்டுக்குள்ளை அந்தப் பொதுக் கக்கூசுவரைக்கும் நடக்கேலாது. போய்ச் சேர முன்னம்…” என்று நிறுத்தினார்.

“டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?”

“ஓம். மருந்து தந்தவர். பயப்பிட ஒண்டுமில்லையாம், வயசுக்கு வாறதாம்.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“சொன்னா நீர் பயணத்தை நிப்பாட்டிப் போடுவீர்.”

நிறுத்தித்தான் இருப்பேன். மார்கழிக் கோடையில், வெக்கை என்று சொல்லி அவர் தன் படுக்கையைக் குளியலறைக்கு அடுத்த அறைக்கு மாற்றியது வெக்கையினால் அல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை அறியாமல் இருந்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்கும் சக்தி இருக்கவில்லை. நானும் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். மெத்தை கடினமாக இருந்தது. டார்வின் எவ்வளவு தூரம் என்பதை நினைத்தபோதே அலுப்பாக இருந்தது. ஆயினும், போகாமல் வீட்டில் இருக்கும் அவருடைய முகத்தைத் தினமும் பார்ப்பது அதைவிட நீண்ட பாதை என்று தோன்றியது.

கழிப்பறையை இடம் மாற்ற முடியாது. அடுப்பை மாற்றலாம்.

விற்பனையாளர் திரும்பி வந்ததும், உள்ளே இருக்கும் அடுப்பைக் கழற்றிவிட்டு, வெளியே துணிப்பந்தலின் கீழ் எரிவாயு அடுப்பு ஒன்றைப் பூட்டித் தர முடியுமா என்று கேட்டேன். இதுவரை எவரும் அடுப்பைக் கழற்றச் சொன்னதில்லை என்றார். வீட்டுக்காரி எதற்காகக் குசினியை இழக்க விரும்புகிறாள் என்பதுபோல என் கணவரைப் பார்த்தார். முடியுமென்றும், அந்த இடத்தில் ஓர் அலமாரி வைக்கலாமென்றும் விற்பனையாளர் ஒப்புக்கொண்டு, பத்திரங்களை எடுத்துவரப் போனார்.

என் கணவர் அடுப்பின் மூடியை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு மூடினார்.

“மழை பெஞ்சா என்ன செய்வீர்?”

“மழையெண்டாச் சமையல் இல்லை. பாணும் வாழைப்பழமும்தான்,” என்றேன்.

அவர் தலையாட்டினார். விற்பனையாளர் வரும்வரை அந்தக் கடினமான மெத்தையிலேயே இருவரும் இருந்தோம்.