997-க்கு அடுத்த வரி

மீதி பூஜ்யம் வந்ததும் பாத்மா கணக்கிடும் இயந்திரத்தின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். 1,00,97,063-ஐ 1009-ஆல் வகுத்தால் சரியாக 10,007. காலையிலிருந்து மூன்றாவது முறையாகப் போட்டுப் பார்க்கிறாள். அவள் வேலை செய்யும் கூடம் அச்சிட்ட அட்டவணையில் அது பகா எண் என்று இருந்தது. தாஷ்கந்திலிருந்து ஓர் ஆசிரியர் தவறைச் சுட்டி எழுதியிருந்தார்.

சோவியத் கிர்கிஸ்தானின் ஃப்ரூன்சே நகரிலிருந்த அந்தக் கணக்கிடும் கூடத்தில் ஒரே எண் இரண்டு பெண்களிடம் தனித்தனியாகப் போகும். எந்தப் பகா எண்ணால் வகுத்தோம், மீதி என்ன என்று வரிவரியாக எழுத வேண்டும். இந்த எண்ணுக்கு ஏறக்குறைய நானூற்றைம்பது வரிகள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் ஒரே இடத்தில் தவற மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அட்டவணையே நின்றது.

இந்த எண்ணின் இரண்டு தாள்களிலும் 997-க்கு அடுத்த வரி 1013. நடுவில் வரவேண்டிய 1009 இரண்டிலுமே இல்லை.

பிப்ரவரியில் மகள் ஆய்சுலுவுக்குக் காய்ச்சல். வேலையில் பாத்மா நான்கு நாள் பின்தங்கியிருந்தாள். பக்கத்து மேசை ஜிபார் அக்காதான் இதே எண்ணுக்கான தன் தாளை இவள் பக்கம் தள்ளினாள்.

"மூஞ்சியப் பாரு, தண்ணி காட்டாத ஆடு மாதிரி. எழுதிக்கிட்டு வீட்டுக்குப் போடி. புள்ளையப் பாரு."

பாத்மா அன்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஜிபார் தன் தாளை மறுநாள்தான் கொடுத்தாள். அந்தத் தாளில் இருந்த தேதி முத்திரையை மேலாளர் கெரிம்பெகவ் இன்று விரலால் தட்டினார்.

"பின்னாடி குடுத்தவங்கதானே பாத்து எழுதியிருக்கணும்? பதினோரு வருஷம் இங்க இருக்கீங்க, ஜிபார். உங்கள இப்படி நெனக்கல."

"நீங்க சொன்னா சரிங்க" என்றாள் ஜிபார். நாளை முதல் அவளுக்குக் காகிதக் கிடங்கு. அவள் பாத்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

கடவுள் பெயரைச் சத்தமாகச் சொல்ல முடியாத இடம் அது. ஒவ்வொரு எண்ணையும் தொடங்கும்போது பாத்மா உதட்டுக்குள் பிஸ்மில்லா சொல்லிக்கொள்வாள். பார்த்து எழுதிய அன்று சொல்லவில்லை. அப்படியானால் செய்வது தவறு என்று அன்றே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜிபார் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். சால்வை, தேநீர்க் கிண்ணம்.

"எதுக்குடி இப்படி உக்காந்திருக்க? கிடங்குல இந்த மெஷின் சத்தம் இருக்காது. என் காது பொழைச்சுது. புள்ள எப்படி இருக்கா?"

"நல்லாருக்காக்கா. ஓடுறா."

"அப்புறம் என்ன." காகிதத்தில் சுற்றிய பொரித்த ரொட்டித் துண்டுகளை இவள் மேசையில் வைத்தாள். "அவளுக்குக் குடு."

காகிதத்தில் எண்ணெய் ஊறிப் பரவுவதைப் பாத்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினாள்: 1009, மீதி 0. கீழே தன் பெயரையும், பார்த்து எழுதிய தேதியையும் போட்டாள்.

மேலாளர் அறைக் கதவின் முன் நின்றபோது அவள் உதடுகள் அசைந்தன. பின்னால், அவளுடைய இயந்திரத்தின் சின்னச் சின்ன ஜன்னல்களில் பூஜ்யங்கள் வரிசையாக அப்படியே நின்றிருந்தன.