மூன்று லிட்டர் அறுநூறு

என் வீட்டுக்காரருக்கு முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, தரையில் படுத்து எழக்கூடாது, சட்டென்று முறுக்கித் திரும்பக்கூடாது என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நான் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மறுநாளே அவர் அதன் மேல் ஒரு பழைய காலண்டர் தாளைச் செருகி மறைத்துவிட்டார்.

பள்ளிப் பேருந்து ஓட்டிய மனிதர். இப்போது அதே பள்ளியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது போனது, எப்போது வந்தது என்று எழுதுகிறார். அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார். ஆனால் எங்கள் காருக்கு ஆயில் மாற்றுவதில் மட்டும் பிடித்த பிடியிலேயே நின்றார். எப்போதோ ஒரு மெக்கானிக் அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கண்மண் தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து இருபது வருடமாக எங்கள் காரின் அடிவயிற்றை இவரைத் தவிர வேறு ஆள் பார்த்ததில்லை.

அவருடைய முறை எனக்கு அத்துப்படி. முன்சக்கரம் இரண்டையும் இரண்டு மரப்பலகை மேல் ஏற்றுவார். ஜாக்கி போட்டு இன்னும் கொஞ்சம் தூக்குவார். மல்லாந்து படுத்து ஊர்ந்து உள்ளே போவார். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். முன்பெல்லாம் அந்தக் காலைத் தாண்டிப் போய்த் துணி காயப்போட்டவள்தான் நான். இந்த வருடம் அதை நினைக்கவே பயமாக இருந்தது. ஜாக்கி சறுக்க வேண்டும் என்றுகூட இல்லை, உள்ளே போனபின் முதுகு பிடித்துக்கொண்டால் போதும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? "உங்களால முடியாது" என்ற வார்த்தையை எட்டு மாதமாக நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

நான் பல் மருத்துவமனையில் உதவியாளர். பதினேழு வருடமாக, டாக்டரம்மா பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று, நோயாளியின் வாயில் குழாயை விட்டு எச்சிலை உறிஞ்சுகிறேன். ஒரு நாள் வேலை நடுவே எனக்குப் பட்டது. வாயில் முடிவது காரில் முடியாதா என்ன?

முடியும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிவிட்டு, அந்த ஓட்டை வழியாக மெல்லிய குழாயை அடிவரை இறக்கி, மேலிருந்தே உறிஞ்சி எடுக்கலாம். காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். எங்கள் காரில் ஃபில்டரும் மேலேயே இருந்தது, பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். ஆக, யாரும் அடியில் போக வேண்டியதில்லை. அதன்பின் ஒரு வாரம் பம்ப் பார்ப்பதே வேலையாக இருந்தது. பேட்டரியில் ஓடுவது கெட்டியான ஆயிலில் சூடேறிப் படுத்துவிடுகிறதாம். பெரிய தொட்டி வைத்ததை வைக்க எங்களுக்கு இடமில்லை. கடைசியில் சைக்கிள் பம்ப் மாதிரிக் கையால் அடிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். செவ்வாய்க்கிழமை நான் வேலையில் இருந்தபோது பார்சல் வந்தது. அன்று பள்ளி விடுமுறை, அவர் வாங்கி வைத்திருந்தார். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து என் செல்போனில் வந்தது, கோழி கிளறியது போல.

"என்ன கையெழுத்துங்க இது, எறும்பு மையில விழுந்து எழுந்து போன மாதிரி?" என்று கேட்டேன். அவர் பார்சலைப் பிரித்தார். பிரித்தபின் முகத்தைச் சுளித்தார்.

"மேலேருந்து உறிஞ்சினா அடியில இருக்கற கசடு அப்படியே தங்கிடும். பாத்திரத்த கழுவாம தண்ணிய மட்டும் கொட்டறதுக்கு சமம் இது."

"அளந்து பாத்துடுவோம். ஃபில்டர விட்டுட்டு மூணு லிட்டர் அறுநூறுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. அவ்வளவும் வந்துட்டா உங்க போல்ட்ட தொடக்கூடாது."

"வரலன்னா?"

"வரலன்னா உங்க இஷ்டம்."

சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவரும் ஏனோ உடனே சரி என்றார்.

ஞாயிறு காலை. காரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டோம். குச்சியில் ஆயில் முழுக்கோடு வரை இருந்தது. அளவுக்கோடு போட்ட ஐந்து லிட்டர் ஜாடியைக் கீழே வைத்து, குழாயை இறக்கினேன். குளியலறை ஸ்டூலில் அவரை உட்காரவைத்தேன். மாறி மாறி அடித்தோம். கறுப்பு ஆயில் கொழகொழவென்று வந்து ஜாடியில் விழுந்தது. ஒரு லிட்டர், இரண்டு, இரண்டரை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு எண்ணூறில் பம்ப் வெறும் காற்றை இழுத்துக் கொர்கொர் என்றது.

இருவரும் ஜாடியைப் பார்த்தோம். அவர் பலகைகள் இருந்த மூலையைப் பார்த்தார்.

"ஃபில்டர் கழட்டற சாவிய எடுத்துட்டு வாங்க, அதுக்குள்ள மிச்சம் வந்துடும்," என்றேன்.

அவர் உள்ளே போன மறுநொடி டிக்கியைத் திறந்தேன். குறைந்தால் ஊற்ற என்று ஒரு பாட்டில் ஆயில் எப்போதும் அங்கே கிடக்கும். அதிலிருந்து ஜாடியில் நானூறு மில்லி ஊற்றி, ஒரு குச்சியால் கலக்கினேன். புது ஆயில் பழையதில் கரைந்து போன இடம் தெரியவில்லை. ஒரேயடியாக நிரப்பினால் மாட்டிக்கொள்வேன், மிச்சத்தை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை இப்படி ஏமாற்றியதில்லை. ஆனால் வருத்தமே இல்லை.

"மூணு இருநூறா, பரவால்லையே," என்றார் திரும்பி வந்தவர். அந்தக் குரலில் தோல்வி தெரியவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் என் செல்போன் அடித்தது. டாக்டரம்மா. மருந்து அலமாரியின் சாவியைக் காணோமாம். "நீ போய் பேசு, நான் அடிச்சிட்டிருக்கேன்," என்றார். சாவி எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இவர் ஜாக்கியை எடுத்துவிடப் போகிறாரே என்று ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

ஜாக்கி இருந்த இடத்தில் இருந்தது. அவர் ஸ்டூலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். ஜாடியில் ஆயில் மூன்று தொள்ளாயிரத்தைத் தொட்டு நின்றது.

"பாத்தியா, எல்லாம் வந்துடுச்சு. நீ சொன்னதுதான் சரி," என்றார்.

நான் குனிந்து கோட்டைப் பார்த்தேன். புத்தகத்தைப் பார்த்தேன். மறுபடி கோட்டைப் பார்த்தேன்.

"ஏங்க, இந்த எஞ்சின்ல மொத்தமே மூணு அறுநூறுதான் இருக்கும்."

"ஆமா."

"இல்லாத முந்நூறு எங்கேருந்து வந்துச்சு?"

அவர் திருதிருவென்று முழித்தார். ஸ்டூலுக்குப் பின்னால், அவர் கால் மறைத்திருந்த இடத்தில், ஒரு பாட்டில் நின்றது. போன தடவை எடுத்த கழிவு ஆயில். கேட் கீலுக்கு விட என்று அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"நானூறுதான் ஊத்தணும்னு பாத்தேன். நீ வர்ற சத்தம் கேட்டதும் கை தவறிடுச்சு. ஒரு எழுநூறு இருக்கும்." அசடு வழிந்தார். பிறகு நிமிர்ந்தார். "ஆனா நான் அடிச்சப்ப பம்ப் வெறும் காத்தைத்தான் இழுத்துச்சு, ரெண்டு எண்ணூறு எப்படி மூணு இருநூறாச்சு? நீ எவ்வளவு ஊத்தின?"

"நானூறு," என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத, வலிக்குது," என்றபடி சிரித்தார். சிரிப்பு அடங்கியபின்தான் எனக்கு அது புரிந்தது. நான் எதற்காகக் கள்ளக்கணக்குப் போட்டேனோ அதற்காகத்தான் அவரும் போட்டிருக்கிறார்.

"அடியில போக உங்களுக்கு இஷ்டமில்லையா?"

அவர் ஜாடியைப் பார்த்தபடி சொன்னார். "செவ்வாக்கெழம போய்ப் பாத்தேன். ஜாக்கி போடல, பலக மேல மட்டும்தான் ஏத்தினேன். இடுப்பு வரைக்கும் போனதும் பிடிச்சிக்கிச்சு. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் வர முடியல. போல்ட்ட பாத்துக்கிட்டே அரைமணி நேரம் கெடந்தேன். கூரியர்காரர் வந்துதான் காலப் புடிச்சு மெதுவா இழுத்தாரு."

"எந்த கூரியர்காரர்?"

"உன் பம்ப்ப கொண்டுவந்தவர்தான். கையெழுத்த படுத்துக்கிட்டே போட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோழிக் கிறுக்கலை இரண்டு நாள் கேலி செய்தேனே என்று என் மேலும் கோபம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வீட்ல யாரும் இல்லையான்னு அவரும் கேட்டாரு. வேலைக்குப் போயிருக்கா, அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னேன். உங்களால முடியாதுன்னு நீ இதுவரைக்கும் ஒரு தடவகூட சொன்னதில்ல. நானா எப்படி சொல்றது?"

நான் அவர் தோளில் கை வைத்தேன். எட்டு மாதமாக இருவரும் ஒரே வார்த்தையை ஆளுக்கொரு பக்கம் மென்றுகொண்டிருந்திருக்கிறோம். அவர் இனி அடியில் போகமாட்டார். அந்த ஒன்று போதும், வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஆனால் எண்ணூறு மில்லி பழைய ஆயில் இன்னும் எஞ்சினுக்குள்தான் இருந்தது. பயம் போனபின் என் மூளையும் வேலை செய்தது. வாய்க்குள் குழாய் கன்னத்தில் ஒட்டிக்கொண்டால் இதே கொர்கொர்தான் வரும். அழுத்தக்கூடாது, கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்பிவிட வேண்டும். தினமும் முப்பது பேருக்குச் செய்வது, வீட்டில் மறந்துபோனது. குழாயை ஒரு விரற்கடை உயர்த்தித் திருப்பினேன். கறுப்பு ஆயில் மறுபடி கொழகொழவென்று இறங்கியது. ஜாடி நாலு அறுநூறில் நின்றது. நாங்கள் ஊற்றியதைக் கழித்தால் மூன்றரை லிட்டர்.

"இன்னும் நூறு இருக்கே," என்றேன்.

"போல்ட்ட கழட்டினாலும் அது கொஞ்சம் தங்கத்தான் செய்யும்," என்றார், இருபது வருடமாக வெளியே விடாத ரகசியத்தை.

ஃபில்டரை அவரே மாற்றினார். நான் புனலைப் பிடிக்க, உட்கார்ந்தபடியே புது ஆயிலை ஊற்றினார். குச்சியைத் துடைத்து விட்டு எடுத்தால் சரியாகக் கோட்டில் நின்றது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மூலையைக் காட்டினார்.

"அந்த ரெண்டு பலகையையும் பூந்தொட்டிக்கு அடியில போட்டுடு. தண்ணி தேங்காம இருக்கும்."

பலகையைப் போட்டு, இரண்டு தொட்டியையும் தூக்கி வைத்தது நான்தான். ஒவ்வொன்றும் ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். அவர் ஸ்டூலைவிட்டு எழவில்லை.