வளைந்த வாள்

ஏரியின்மேல் விடியற்பனி இன்னும் கலையவில்லை. போரில் மாண்ட அண்ணனின் வாளை மரப்பாலத்தில் நின்றபடி முழங்காலில் வைத்து வளைத்தாள் அத்னமாதா.

"அடிப்பாவி! நல்ல வாளை நாசமாக்கிட்டியே! கெல்ட்டு சனத்துக்கே புத்தி கெட்டுப்போச்சா?" என்று பதறினான் கிரேக்க மது வியாபாரி கிளியோன். அதை வாங்கிவிடத்தான் அவள் பின்னாலேயே வந்திருந்தான்.

"போய்யா! எங்கண்ணன் செத்துத்தானே அந்தப் பக்கம் போனான்? வாளு மட்டும் சாகாம எப்படிப் போய்ச் சேரும்?"

வாளை நீரில் விட்டாள். அலையின் நெளிவில் அது மெல்ல இறங்கியது. ஆழத்தில் யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்டதுபோல, வளைந்த இரும்பு ஒரு கணம் நேராக நிமிர்ந்து மறைந்தது.

கிளியோன் தன் இடுப்புக் கத்தியை உருவி அவளிடம் நீட்டினான்.

"இதையும் வளைச்சுக் குடும்மா. என் தம்பிக்கு."